புதிய முதலாளி வந்தால் பழைய முகாமையாளரை வைத்திருக்க வேண்டுமா, அனுப்பிவிட வேண்டுமா?

கோடீஸ்வரர் ஒருவர் உதைபந்தாட்டக் கழகமொன்றை வாங்குகிறார், பெரிய பெரிய கனவுகளைச் சொல்கிறார், அப்போது ஏற்கெனவே இருக்கிற முகாமையாளரை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. நான் இருபது வருடமாக மன்செஸ்டர் யுனைடட் ரசிகன், ஊர் மட்டக்களப்பில் கல்லடி. ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

வைத்திருக்கலாம், அனுப்பலாம். இரண்டிலும் பிழையில்லை. ஆனால் வீரர்களை வாங்கக் காசை அவிழ்க்குமுன் அந்த முடிவை எடுத்திருக்க வேண்டும். கல்யாண வீட்டுச் சமையல்காரரிடம் பட்டியல் வாங்கி, அவர் சொன்ன அரிசி, அவர் சொன்ன இறைச்சி எல்லாம் கொண்டுவந்து இறக்கியபிறகு, அடுப்பு மூட்டுகிற நேரத்தில் ஆளை மாற்றினால் என்ன நடக்கும்? எங்கள் யுனைடட்டுக்கு நடந்தது அதுதான்.

2024 ஒக்டோபர் 27, ஞாயிறு இரவு. காத்தான்குடியில் நண்பன் ஒருவனின் ரொட்டிக் கடையில் வெஸ்ட் ஹாமுடனான ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் நேரம் ஏழரைக்குத் தொடக்கம், வெளியே மழை. நண்பன் செல்சி ரசிகன், அதனால் அவனுக்கு எங்கள் துக்கம் ஒரு பொழுதுபோக்கு. 1-1 என்று இழுத்துக்கொண்டிருந்த ஆட்டத்தில் 92வது நிமிடம் பெனால்டி. எங்கள் பின்கள வீரர் டி லிக்ட் செய்த பிழை என்று வீடியோவைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். வெஸ்ட் ஹாமின் போவன் அடிக்கப் போகும்போது கொத்துப் போடுகிறவர் இரண்டு தகடுகளையும் கல்லின்மேல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அந்தச் சத்தம் நின்றால் காத்தான்குடியே நின்றுவிட்ட மாதிரி இருக்கும். கோல். திரும்பவும் டக டக டக.

"மச்சான், உங்கட ஆள் நாளைக்கு வீட்ட போவாரு" என்றான் நண்பன்.

போனார். அடுத்த நாளே எங்கள் முகாமையாளர் எரிக் டென் ஹாக்கை நீக்கினார்கள். அப்போது நாங்கள் லீக்கில் 14வது இடம்.

எனக்குக் கோபம் நீக்கியதில் இல்லை. பிரித்தானியக் கோடீஸ்வரர் ஜிம் ரட்க்ளிஃப் கழகத்தின் 27.7 வீதப் பங்கை வாங்கி உதைபந்தாட்டப் பொறுப்பைக் கையில் எடுத்தது 2024 பெப்ரவரியில். கிளேசர் குடும்பம்தான் இன்னும் பெரிய பங்காளி, ஆனால் இனி விளையாட்டு விஷயம் தன் பொறுப்பு என்று வந்தவர் இவர். அந்தப் பருவத்தில் லீக்கில் 8வது இடம். ஆனால் மே மாதம் எஃப்.ஏ. கிண்ண இறுதியில் மன்செஸ்டர் சிட்டியை 2-1 என்று வென்றுவிட்டோம். கர்னாச்சோ ஒன்று, மைனூ ஒன்று. வென்றது சந்தோஷம்தான், நானும் பாலத்தடியில் வெடி கொளுத்தினேன். ஆனால் அந்த வெற்றிதான் முதலாளிகளின் கையைக் கட்டிப்போட்டது என்று இப்போது நினைக்கிறேன். அனுப்பவும் மனமில்லை, நம்பவும் மனமில்லை. வேறு முகாமையாளர்களுடன் பேசிப் பார்த்துவிட்டுக் கடைசியில் "சரி, நீங்களே இருங்கள்" என்று ஜூலையில் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டினார்கள். பிறகு அவருடைய பழைய கழகமான அஜாக்ஸில் அவரிடம் விளையாடிய டி லிக்ட், மஸ்ராவி இருவரையும் ஜேர்மனியின் பயேர்ன் கழகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அதன்பின் லீக்கில் ஒன்பதே ஆட்டம்!

அவரையும் அவரோடு வந்தவர்களையும் அனுப்புவதற்குக் கழகம் கொடுத்தது 10.4 மில்லியன் பவுண். செலவைக் குறைக்கவென்று 250 பேரின் வேலையை எடுப்பதாக அறிவித்ததும் அதே வருடம்தான். அலுவலகத்தில் கடிதம் அடிக்கிற பிள்ளைக்கு ஒரு கணக்கு, முடிவெடுக்கத் தயங்கிய பெரியவர்களுக்கு வேறு கணக்கு. இதைச் சொன்னால் நண்பன் சிரிப்பான்.

அவன் சிரிக்கக்கூடாது. செல்சி கதை இதைவிட மோசம். 2022 மே மாதக் கடைசியில் அமெரிக்கர் டொட் போலியின் குழு கழகத்தை வாங்கியபோது அங்கே முகாமையாளராக இருந்தவர் துக்கல், ஒரு வருடத்துக்கு முன்புதான் சம்பியன்ஸ் லீக் வென்று கொடுத்தவர். அந்தக் கோடையில் கிட்டத்தட்ட 250 மில்லியன் பவுணுக்கு ஆட்களை வாங்கிக் குவித்துவிட்டு, செப்டம்பர் 7ஆம் திகதி துக்கலை அனுப்பினார்கள். பிறகு வந்த பொட்டர் ஏழு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. துக்கல் சரியா பிழையா என்பது வேறு விவாதம். ஓகஸ்டில் வீரர்களை வாங்கும் கடை திறந்திருக்கும்போது அவர் சரியான ஆள், கடை மூடி ஒரு கிழமையில் பிழையான ஆள் என்றால், அங்கே யோசித்தவர் யார்?

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்தது நியூகாஸல். 2021 ஒக்டோபர் 7 அன்று சவூதி அரசின் முதலீட்டு நிதியம் தலைமையிலான குழு 305 மில்லியன் பவுணுக்கு வாங்கியது. இரண்டு கிழமைக்குள் முகாமையாளர் ஸ்டீவ் புரூஸ் போய்விட்டார். உனாய் எமரியைக் கேட்டார்கள், அவர் வரவில்லை. உலகத்திலேயே பணக்கார முதலாளிகள் என்று பேசப்பட்டவர்கள், நவம்பர் 8ஆம் திகதி எடி ஹவ்வை எடுத்தபோது எங்கள் ரொட்டிக் கடை வாங்கில் இருந்த எல்லாருக்கும் சிரிப்பு. "இவ்வளவு சல்லியை வைத்துக்கொண்டு இந்த மனுசனா?" என்று நானும்தான் கேட்டேன். அந்தப் பருவத்தில் முதல் 14 ஆட்டத்தில் ஒரு வெற்றிகூட இல்லை. ஆனால் ஜனவரியில் வாங்கல் தொடங்கும்போது யாருக்காக வாங்குகிறோம் என்பது தெளிவாக இருந்தது. 11வது இடத்தில் முடித்தார்கள், அடுத்த பருவம் 4வது. 2025 மார்ச்சில் லீக் கிண்ண இறுதியில் லிவர்பூலை 2-1 என்று வென்றார்கள், 1955க்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் பெரிய உள்நாட்டுக் கிண்ணம்.

சீக்கிரம் அனுப்பினால் எல்லாம் சரி என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிளக்பர்னை 2010 நவம்பரில் வாங்கியவர்கள் புனேயின் வென்கீஸ், கோழி வியாபாரக் கம்பெனி. ஒரு மாதம் முடியுமுன் முகாமையாளர் அலர்டைஸை நீக்கினார்கள். அப்போது அணி 13வது இடத்தில் இருந்தது, அவ்வளவு மோசமில்லை. அடுத்து யார், என்ன ஆட்டம் என்ற யோசனை இல்லாமல் செய்த வேலை. 1995இல் சம்பியனான கழகம் 2012இல் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது.

நண்பன் விடமாட்டான். "டென் ஹாக் பழைய ஆள், சரி. அமோரிம் உங்கட முதலாளியே தெரிஞ்செடுத்த ஆள்தானே, அவரையும் ஏன் அனுப்பினீங்க?" என்பான். நியாயமான கேள்வி. லீக்கில் 15வது இடம், யூரோப்பா லீக் இறுதியில் தோல்வி, பிறகு 2026 ஜனவரியில் வீட்டுக்கு. ஆனால் அமோரிம் வந்தது நவம்பர் மாதம், கடை பூட்டியிருக்கும் நேரம். பின்களத்தில் மூன்று பேரை வைத்து ஆடும் அவருடைய முறைக்கு, முதலில் டென் ஹாக்குக்காக வாங்கிய ஆட்களைத்தான் கொடுத்தார்கள். அவர் பக்கமும் பிடிவாதம் இருந்தது, அதை மறைக்கவில்லை.

இவ்வளவு உறுதியாக நான் பேசுவதற்குக் காரணம் இங்கிலாந்து இல்லை, எங்கள் பக்கத்துக் கழகம் ஒன்று. பெயர் வேண்டாம். நான் அதன் பொருளாளராக இருந்தேன். ஒரு வருடம் மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு வந்த, சுவிஸில் இருக்கிற அண்ணன் ஒருவர் கழகத்தைத் தான் பொறுப்பெடுப்பதாகச் சொன்னார். மாவட்டச் சம்பியன் ஆக வேண்டும் என்றார். நாங்கள் கைதட்டினோம், நான்தான் முதலில்.

பயிற்சி கொடுத்தவர் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர், எங்களுக்கு சேர். ஒரு சதம் வாங்கியதில்லை. பந்துக்குக் காற்றடிக்கிற ஊசியைப் பனடோல் அட்டை ஒன்றில் குத்திச் சட்டைப் பையில் வைத்திருப்பார். பந்தை இரண்டு பெருவிரலாலும் அமத்திப் பார்த்து, "இன்னும் ரெண்டு அடி" என்பார். அவருடைய ஆட்டம் உயரப் பந்து. அதனால் தலையால் அடிக்கக்கூடிய உயரமான பெடியன்கள் இரண்டு பேர் பின்களத்துக்கு வேண்டும் என்று கேட்டார். அண்ணன் மறுக்கவில்லை. பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பேரை எடுத்தோம், பஸ் காசு, சப்பாத்து எல்லாம் அவர் செலவு.

மூன்று கிழமை கழித்து வட்ஸ்அப்பில் அண்ணனின் குரல் வந்தது. கொழும்பில் பயிற்றுவிப்பாளர் கோர்ஸ் முடித்த தம்பி ஒருவர் வருவார், இனிச் சின்னப் பாஸ் ஆட்டம், சேர் ஆலோசகராக இருக்கட்டும். சேரிடம் இதைச் சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இழுத்தேன். அவர் வழமைபோல் நாலரைக்கு வந்தார், புதிய தம்பியும் வந்தார். பெடியன்கள் யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள். முதல் சுற்றிலேயே மூன்று கோலால் தோற்றோம். உயரமான இருவரும் புதுச் சப்பாத்தோடு வாங்கில் இருந்தார்கள்.

அன்று பின்னேரம் சேர் களஞ்சிய அறைத் திறப்பையும் விசிலையும் என் கையில் தந்துவிட்டுச் சைக்கிளில் ஏறினார். ஒன்றும் பேசவில்லை. அண்ணன் அடுத்த வருடம் வரவில்லை, தம்பிக்குக் கட்டாரில் வேலை கிடைத்தது. பந்துகள் எல்லாம் காற்றுப் போய் அறையில் கிடந்தன. பம்பு இருந்தது. ஊசி சேரின் சட்டைப் பையோடு போய்விட்டது, கேட்டு வாங்க எனக்கு முகமில்லை.