தடைக்காலம் வருது, என்ன செய்யட்டும் அக்கா?

கேள்வி: எனக்கு 24 வயது, கடலூர் தேவனாம்பட்டினம். சிசேரியனில் பிறந்த பெண் குழந்தைக்கு ஏழு மாதம். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது, 61 நாளும் வீட்டுக்காரர் வீட்டில்தான். பால் கொடுக்கிற வரைக்கும் கரு தங்காது என்கிறார் மாமியார். கரு தங்காமலிருக்கக் கருப்பைக்குள் வைக்கிற காப்பர்-டி போடலாம் என்றால், அது மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. சீக்கிரம் ஒரு ஆண் பிள்ளையைப் பெற்றுவிட்டு ஆபரேஷன் செய்துகொள் என்பது வீட்டின் முடிவு. எனக்கு மூன்று வருடமாவது இடைவெளி வேண்டும்.

பதில்: தங்கச்சி, மாமியார் சொன்னதை முதலில் பார்ப்போம், உனக்கு நாள் குறைவு. குழந்தைக்கு ஆறு மாதம் முடியாமல் இருந்து, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால் கரு தங்குவது அபூர்வம்தான். மூன்றில் ஒன்று போனாலும் அதை நம்ப முடியாது, உன் குழந்தை ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டது. நான் கிராம சுகாதார செவிலியராக இருந்தபோது, ‘பால் கொடுக்கிறேன், அதான் இன்னும் தூரம் வரலை’ என்று சொல்லிக்கொண்டே நாலு மாதக் கர்ப்பத்தோடு வந்து நின்றவர்கள் உண்டு.

காப்பர்-டியைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாலே பாதிப் பயம் போய்விடும். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது, வளைகிற பிளாஸ்டிக், தண்டில் சுற்றிய செம்புக் கம்பி, நுனியில் மெல்லிய நூல், அவ்வளவுதான். அது நெஞ்சுக்கு ஏறாது. சிலருக்குத் தானாக நழுவி வெளியே வரும், கருப்பைச் சுவரைத் துளைப்பது மிக அபூர்வம், அதனால்தான் விலக்கு முடிந்ததும் நூல் தட்டுப்படுகிறதா என்று பார்க்கச் சொல்வோம். முதல் சில மாதம் உதிரப்போக்கும் வலியும் கூடலாம், இதை முன்னாலேயே சொல்லாததால்தான் பல பேர் பயந்துபோய் எடுத்துவிடுகிறார்கள். அதில் 380ஏ என்ற வகை பத்து வருடம், 375 என்ற வகை ஐந்து வருடம் தாங்கும், வேண்டாம் என்றால் எடுத்த மாதமே கரு தங்கலாம். பாலுக்குக் கெடுதல் இல்லை.

அது வேண்டாமா, சரி. 2017 முதல் அரசுத் திட்டத்தில் அந்தரா என்ற கருத்தடை ஊசியும் சாயா என்ற கருத்தடை மாத்திரையும் வந்திருக்கின்றன. ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று, விலக்கு தாறுமாறாகலாம், நிறுத்திய பிறகு கரு தங்கச் சில மாதம் பிடிக்கும். சாயாவில் ஹார்மோன் இல்லை, முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று. எதுவானாலும் கர்ப்பம் இல்லை என்று பரிசோதித்த பிறகுதான்.

எனக்கு உறுத்துவது வேறு. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், ஆண்கள் ஆயிரத்துக்கு ஒருவர் அளவுதான். முதல் பிள்ளைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் பலருக்கு எதுவும் கிடையாது. பிரசவ வார்டில் ‘அடுத்து என்ன செய்யலாம்’ என்ற கேள்வியைக் கட்டிலில் படுத்திருப்பவளிடம் கேட்காமல் வராந்தாவில் நிற்கிற மாமியாரிடம் நானே கேட்டிருக்கிறேன், அது பெரிய தப்பு என்று பின்னால்தான் உறைத்தது. காப்பர்-டி போட உன் சம்மதம் போதும், கணவர் கையெழுத்து வேண்டாம். ஆனாலும் அவரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போ, செவிலியர் வாயால் கேட்கட்டும். அடுத்த கருவுக்குக் குறைந்தது 24 மாதம் விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், உனக்கோ வயிற்றில் தையல் வேறு. ஆணா பெண்ணா என்பது அப்பாவின் விந்தணுவைப் பொறுத்தது, இதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி: இரண்டு பிள்ளைகள் போதும். மனைவிக்கு ரத்தசோகை, அதனால் நான் ஆபரேஷன் செய்துகொள்ள நினைக்கிறேன். வலை இழுக்கிற பலம் போய்விடும் என்கிறார்கள். – அரியாங்குப்பம் வாசகர்

பதில்: தம்பி, இப்படி ஒரு கடிதம் வந்ததே எனக்குச் சந்தோஷம். பலமும் போகாது, ஆண்மையும் போகாது, விந்தணு வருகிற குழாயை மட்டும் அடைப்பார்கள். தழும்பில்லாத முறையில் கத்தியும் தையலும் இல்லை, அரை மணி நேரம்கூட ஆகாது, அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். ஒரு வாரம் பாரம் தூக்காதீர்கள். மூன்று மாதம் கட்டாயம் ஆணுறை, அப்புறம் விந்துப் பரிசோதனை, உயிரணு இல்லை என்ற ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிய பிறகுதான் ஆணுறையை விடணும்.