பில் விண்டோவைக் காணோம், ஓகே பட்டன் திரைக்குக் கீழே: வாசகர் கேள்வி-பதில்

கடலூர், புதுச்சேரி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி முடிகின்றன: "சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடியும் போட்டுப் பார்த்தேன், சரியாகவில்லை." சரியாகாது. கோளாறு சாஃப்ட்வேரில் இல்லை, திரை அமைப்பில் இருக்கிறது. எதையும் அழிக்கும் முன் டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்பிளே செட்டிங்ஸ்' திறந்து, ஸ்கேல் (எழுத்தையும் பட்டன்களையும் பெரிதாக்கும் அளவு) எத்தனை சதவீதம், ரெசல்யூஷன் (திரையின் அகலத்திலும் உயரத்திலும் உள்ள புள்ளிகள்) எவ்வளவு என்று இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

ஆபீஸில் லேப்டாப்போடு பெரிய மானிட்டர் மாட்டி வேலை செய்கிறேன். வீட்டுக்கு வந்து பில்லிங் சாஃப்ட்வேரைத் திறந்தால் கீழே டாஸ்க்பாரில் ஐகான் தெரிகிறது, விண்டோ தெரியவில்லை. (மஞ்சக்குப்பம், கடலூர்)

விண்டோ திறந்துதான் இருக்கிறது. இப்போது இல்லாத மானிட்டரின் இடத்தில் திறந்திருக்கிறது. பல சாஃப்ட்வேர்கள் மூடும்போது தாங்கள் நின்ற இடத்தை எண்ணாக எழுதி வைத்துக்கொள்ளும். லேப்டாப் திரையின் அகலம் 1366 புள்ளி என்றால், வலப்பக்க மானிட்டரில் நின்ற விண்டோ 1500, 1600 என்று எழுதிவைக்கும். மறுமுறை திறக்கும்போது அந்த இடம் திரைக்குள் இருக்கிறதா என்று பழைய சாஃப்ட்வேர்கள் சரிபார்ப்பதில்லை.

மீட்கும் வழி: டாஸ்க்பார் ஐகானை ஒரு முறை கிளிக் செய்யுங்கள். ஆல்ட் கீயை அழுத்தியபடி ஸ்பேஸ்பாரைத் தட்டுங்கள். பிறகு எம் எழுத்து. அடுத்து ஏதாவது ஓர் அம்புக்குறி கீயை ஒரே ஒரு முறை தட்டுங்கள். இந்தத் தட்டலைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இப்போது மவுஸை அசைத்தால் விண்டோ அதோடு ஒட்டிக்கொண்டு வரும். நடுவில் கொண்டுவந்து கிளிக் செய்து விடுங்கள். மெனுவில் 'மூவ்' மங்கலாக இருந்தால் விண்டோ முழுத்திரை அளவில் இருக்கிறது என்று பொருள். முதலில் அதே மெனுவில் 'ரீஸ்டோர்' கொடுத்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள். ஆல்ட்-ஸ்பேஸுக்கு அசையாத சாஃப்ட்வேர் என்றால், ஷிப்டை அழுத்தியபடி டாஸ்க்பார் ஐகானில் ரைட் கிளிக் செய்தாலும் இதே மெனு வரும்.

புதுச்சேரி வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. பிரான்சிலிருந்து உறவினர்கள் கொண்டுவந்த லேப்டாப்பில் விண்டோஸ் பிரெஞ்சு மொழியில் இருந்தால் எம் எழுத்து பலிக்காது. எழுத்தைத் தேடாமல், மெனுவில் இரண்டாவது வரிக்குப் போய் என்டர் தட்டுங்கள். வரிசை எந்த மொழியிலும் மாறாது.

திரும்ப வராமல் இருக்க, ஆபீஸிலிருந்து கிளம்பும் முன் விண்டோவை லேப்டாப் திரைக்கு இழுத்துவிட்டு அப்புறம் மூடுங்கள். இடம் பதிவாவது பெரும்பாலும் மூடும் நேரத்தில்தான்.

அப்பாவுக்கு எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்று ஸ்கேலை 125 ஆக்கினேன். அதிலிருந்து கணக்கு சாஃப்ட்வேரில் ஓகே, கேன்சல் பட்டன்கள் திரைக்குக் கீழே போய்விட்டன. (நெல்லிக்குப்பம்)

உங்கள் லேப்டாப் திரை 1366-க்கு 768 என்று வைத்துக்கொள்வோம். இதை 1.25 ஆல் வகுத்தால், சாஃப்ட்வேருக்குக் கிடைக்கும் இடம் ஏறத்தாழ 1093-க்கு 614 தான். அதிலும் விண்டோஸ் 10-இன் டாஸ்க்பார் 40 எடுத்துக்கொள்ளும். மிச்சம் 574. அந்த சாஃப்ட்வேரை எழுதியவர் 700 உயரம் இருக்கும் என்று எண்ணிப் பெட்டியை வடிவமைத்திருந்தால், கடைசி வரிசை வெளியே போவதைத் தவிர வேறு வழியில்லை. 100 சதவீதத்தில் 728 கிடைக்கும், பெட்டி முழுதாக நிற்கும்.

ஆகவே ஸ்கேலை 100-க்குத் திருப்புங்கள். அப்பாவின் கண்ணுக்கு வேறு ஏற்பாடு உண்டு. விண்டோஸ் 11-இல் 'அக்சசிபிலிட்டி', 10-இல் 'ஈஸ் ஆஃப் அக்சஸ்' போய் எழுத்து அளவை மட்டும் 115 அல்லது 120 ஆக்குங்கள். விண்டோஸின் மெனு, தலைப்பு எல்லாம் பெரிதாகும். பழைய கணக்கு சாஃப்ட்வேரின் உள்ளே இருக்கும் எழுத்துக்கு இது பெரும்பாலும் எட்டாது. அங்கே விண்டோஸ் கீயோடு பிளஸ் அழுத்தினால் மேக்னிஃபையர் திறந்து பெரிதாக்கிக் காட்டும், விண்டோஸ் கீயோடு எஸ்கேப் அழுத்தினால் மூடும்.

இன்றைக்கே பெட்டியை மூடியாக வேண்டும் என்றால் டாஸ்க்பாரைத் தானாக மறையும்படி வையுங்கள், 40 புள்ளி திரும்பக் கிடைக்கும். அதுவும் போதாவிட்டால் 'டிஸ்பிளே ஓரியன்டேஷன்' பகுதியில் 'போர்ட்ரெயிட்' கொடுத்தால் உயரம் 1366 ஆகிவிடும்; சேமித்த பின் திருப்பி வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத பட்டனை டேப், என்டர் தட்டி ஊகத்தில் அழுத்த வேண்டாம். கணக்குப் புத்தகத்தில் சேமிப்பதும் அழிப்பதும் பக்கத்துப் பக்கத்துப் பட்டன்கள்.

புது மானிட்டரில் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. பழைய டிடிபி சாஃப்ட்வேர் மட்டும் கலங்கலாகத் தெரிகிறது. (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

ஒன்று மட்டும் கலங்கினால் மானிட்டர் குற்றமற்றது. பழைய சாஃப்ட்வேர் தன்னை 96 டிபிஐ (அங்குலத்துக்கு 96 புள்ளி) கணக்கில், அதாவது 100 சதவீதத்தில் வரைகிறது. விண்டோஸ் அந்தப் படத்தை இழுத்து 125-க்கோ 150-க்கோ பெரிதாக்குகிறது. இழுத்த படம் கலங்கும்.

சாஃப்ட்வேரை மூடிவிட்டு அதன் ஐகானில் ரைட் கிளிக், 'ப்ராப்பர்டீஸ்', 'கம்பாட்டிபிலிட்டி', அதில் 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்'. கடைசியில் உள்ள 'ஓவர்ரைடு' கட்டத்தை டிக் செய்து, முதலில் 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து இது இருக்கிறது. எழுத்தும் கோடும் கூர்மையாகும், படங்கள் அப்படியே இருக்கும். பட்டன்கள் இடம் மாறிக் குழம்பினால் 'அப்ளிகேஷன்' என்று மாற்றுங்கள். எல்லாம் கூர்மையாகும், ஆனால் சிறுத்துவிடும். 125-இல் அது தாங்கும். 200-இல் வாசிக்கவே முடியாது.

ஒரு மானிட்டரில் தெளிவாக இருந்து, இன்னொன்றுக்கு இழுத்தால் மட்டும் கலங்குகிறதா? வேலை செய்யும் மானிட்டரை 'மெயின் டிஸ்பிளே' ஆக்கி, சைன் அவுட் செய்து திரும்ப உள்ளே வாருங்கள். இந்த வகை சாஃப்ட்வேர்கள் உள்நுழையும்போது மெயின் திரைக்கு இருந்த ஸ்கேலையே பிடித்துக்கொண்டிருக்கும்.

மானிட்டர் 1920-க்கு 1080. ஆனால் 1024-க்கு 768-க்கு மேல் தேர்வு செய்ய முடியவில்லை. எல்லாம் அகலமாக இழுபட்டுத் தெரிகிறது. (கடலூர் முதுநகர்)

'அட்வான்ஸ்டு டிஸ்பிளே' பக்கத்தைப் பாருங்கள். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்று இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர் (திரைப் படத்தை இயக்கும் சாஃப்ட்வேர்) இல்லை; கம்ப்யூட்டர் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கு உரியதைப் போடுங்கள்.

டிரைவர் சரியாக இருந்து, டிவைஸ் மேனேஜரில் மானிட்டர் பெயர் 'ஜெனரிக் நான்-பிஎன்பி' என்று வந்தால் கேபிளைச் சந்தேகியுங்கள். விஜிஏ கேபிளில் (15 பின் இடங்கள் கொண்ட பழைய வகை மானிட்டர் கேபிள்) 12-ஆம், 15-ஆம் பின்கள் வழியாகத்தான் மானிட்டர் தன் அளவைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. அவை வளைந்தாலோ பச்சை பூத்தாலோ படம் வரும், அளவு தெரியாது. கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று பின்களை அரிக்கும், மழைக்காலத்தில் இன்னும் வேகமாக. மின்சாரத்தை நிறுத்தி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், முலாம் போய்விடும். 9-ஆம் பின் இல்லையே என்று பதற வேண்டாம். பல கேபிள்களில் அது இருக்காது. மலிவான எக்ஸ்டென்ஷன் கேபிள்கள் சிலவற்றில் 12, 15 இணைப்பே கிடையாது, அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் எச்டிஎம்ஐ இருந்தால் அதற்கே மாறிவிடுங்கள்.

டியூஷன் சென்டரில் டிவியில் லேப்டாப்பை மாட்டினால் நான்கு ஓரமும் வெட்டுப்படுகிறது. (வில்லியனூர்)

டிவியின் பிக்சர் சைஸ் பகுதியில் மாற்ற வேண்டும். மாடலைப் பொறுத்து 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்', 'ஃபுல் பிக்சல்' என்று பெயர் இருக்கும். லேப்டாப்பில் எதையும் தொட வேண்டாம்.

எக்செலில் தமிழ் எழுத்துகளின் மேல் சுழியும் கீழ் வளைவும் வெட்டுப்படுகின்றன. (லாஸ்பேட்டை)

வரிசையின் உயரம் கையால் பூட்டப்பட்டிருக்கிறது. ஆங்கில எழுத்துக்குப் போதுமான 15 பாயின்ட் உயரம், 'கீ', 'கூ' போன்ற எழுத்துகளுக்குப் போதாது. கண்ட்ரோல்-ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, 'ஹோம்', 'ஃபார்மேட்', 'ஆட்டோஃபிட் ரோ ஹைட்' கொடுங்கள். மெர்ஜ் செய்த கட்டங்களில் இது வேலை செய்யாது. அங்கே 12 பாயின்ட் எழுத்துக்கு 22 முதல் 24 வரை நீங்களே உயரம் கொடுங்கள். வேர்டிலும் இதே தொல்லை வரும். பாராகிராஃப் அமைப்பில் வரி இடைவெளி 'எக்ஸாக்ட்லி' என்று இருந்தால் 'அட் லீஸ்ட்' ஆக்குங்கள்.