மகன் அழட்டும், கணவரிடம் பேசுங்கள்

கேள்வி: நாங்கள் பல ஆண்டுகளாக லண்டனில் வசிக்கிறோம். என் கணவருக்கும் பதின்மூன்று வயது மகனுக்கும் இங்கிலாந்து கால்பந்து அணி என்றால் உயிர். 2024 ஜூலையில் யூரோ எனப்படும் ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில் ஸ்பெயினிடம் தோற்ற இரவு, மகன் ஜெர்சியைக்கூடக் கழற்றாமல் அழுதுகொண்டே படுத்திருந்தான். “ஆண்பிள்ளை விளையாட்டுக்கெல்லாம் அழுவானா?” என்று கணவர் கத்தினார். கத்தியவர் ரிமோட்டைச் சுவரில் எறிந்தார். பிறகு மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. மறுநாள் வயிற்றுவலி என்று சொல்லி மகன் பள்ளிக்குப் போகவில்லை. இப்போது உலகக் கோப்பை வருகிறது. மறுபடியும் தோற்றால் வீடு என்ன ஆகுமோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. நமக்கும் அந்த அணிக்கும் என்ன உறவு? இந்தப் பைத்தியத்திலிருந்து மகனை எப்படி விடுவிப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, லண்டன்

அன்புள்ள தங்கைக்கு,

மகனை எதிலிருந்தும் விடுவிக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருபவர் அழுத பிள்ளை அல்ல, ரிமோட்டை எறிந்துவிட்டு மூன்று நாள் வாய் திறக்காத பெரியவர்தான்.

முதலில் அந்த அழுகையைப் பற்றிச் சொல்கிறேன். பெர்லினில் 47ஆவது நிமிடத்தில் ஸ்பெயின் முந்தியது. மாற்று ஆட்டக்காரராக இறங்கிய இங்கிலாந்தின் பாமர் 73ஆவது நிமிடத்தில் சமன் செய்தார். உங்கள் வீடே எழுந்து குதித்திருக்கும். 86ஆவது நிமிடத்தில் ஸ்பெயினின் ஒயார்சபால் கோல் அடித்து எல்லாவற்றையும் முடித்துவிட்டார். நம்பிக்கையைக் கொடுத்துவிட்டுப் பறிக்கும் தோல்வி இது. மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்றிருந்தால் பிள்ளை இவ்வளவு அழுதிருக்க மாட்டான். இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 2021இல் வெம்பிளியில் இத்தாலியிடம் பெனால்டியில் தோற்றபோது அவனுக்கு எட்டு வயது இருக்கும். விவரம் தெரிந்த பிறகு அவன் பார்த்த யூரோ இறுதிப் போட்டிகள் இரண்டு, இரண்டிலும் தோல்வி. 1966க்குப் பிறகு ஆண்கள் அணி ஒரு பெரிய கோப்பையைக்கூட வெல்லவில்லை என்ற புலம்பலையும் சேர்த்துக் கேட்டு வளர்கிறான்.

சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் பொருளியல் ஆய்வாளர்கள், மக்கள் தங்கள் மனநிலையைக் கைபேசிச் செயலி ஒன்றில் அவ்வப்போது பதிந்த விவரங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். தன் அணி வென்ற பிறகான ஒரு மணி நேரத்தில் ரசிகருக்குக் கூடும் மகிழ்ச்சியைவிட, தோற்ற பிறகான ஒரு மணி நேரத்தில் கூடும் வருத்தம் ஏறத்தாழ இரு மடங்கு என்று கண்டார்கள். கணக்குப் பார்த்தால் ரசிகராக இருப்பதே நஷ்டம். இருந்தும் கோடிக்கணக்கானோர் இருக்கிறார்கள். சேர்ந்து காத்திருப்பதிலும் சேர்ந்து கத்துவதிலும் மனிதருக்கு வேறெங்கும் கிடைக்காத ஏதோ ஒன்று இருக்கிறது. அதைப் பைத்தியம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

‘நமக்கும் அந்த அணிக்கும் என்ன உறவு’ என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு அது வந்து சேர்ந்த நாடு, அவனுக்குப் பிறந்த ஊர். நைஜீரியப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த சாக்கா அந்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஓடும்போது, தனக்கும் அங்கே இடம் உண்டு என்று உங்கள் மகன் நம்புகிறான். 2021 இறுதிப் போட்டியில் பெனால்டியைத் தவறவிட்ட ராஷ்ஃபோர்ட், சான்ச்சோ, சாக்கா மூவர்மீதும் இணையத்தில் இனவெறி வசைகள் கொட்டப்பட்டன. சாக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயதுதான். குடியேறியவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தோல்வியில் கூடுதலாக ஒரு முள் இருந்தது: ஜெயித்தால்தான் நாம் இந்த ஊர்க்காரர்களா? உங்கள் மகன் இதை வாய்விட்டுக் கேட்டிருக்க மாட்டான். நீங்கள்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். தொடங்கும்போது மான்செஸ்டரின் விதிங்டன் பகுதியில் நடந்ததையும் சொல்லுங்கள். அங்கே சுவரில் வரையப்பட்டிருந்த ராஷ்ஃபோர்டின் படத்தை அந்தத் தோல்விக்குப் பின் யாரோ சிதைத்தார்கள். உடனே ஊர் மக்கள் வந்து அந்த இடத்தைக் கடிதங்களாலும் காகித இதயங்களாலும் மூடினார்கள். ஒட்டியவர்களில் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். மனம் நொந்த பிள்ளைக்கு இப்படி ஏதாவது ஒரு வேலை வேண்டும். பிடித்த ஆட்டக்காரருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள்.

தோற்ற இரவில் மட்டும் பாடம் எதுவும் நடத்த வேண்டாம். ‘விளையாட்டுதானே’, ‘அடுத்த முறை பார்க்கலாம்’ என்ற இரண்டையும் அன்று சொல்லாதீர்கள். சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்துத் தூங்க வையுங்கள். மறுநாள் பள்ளிக்கு அனுப்புங்கள். வயிற்றுவலி உண்மையாகவும் இருக்கலாம், கேலிக்குப் பயந்தும் வந்திருக்கலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டே அனுப்புங்கள். அந்தக் கேலி ஒருநாள் கூத்து. வீட்டில் ஒளிந்தால் அதுவே ஒரு வாரமாக நீளும். வாரக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் கெட்டால் குடும்ப மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அப்போது காரணம் கால்பந்தாக இருக்காது.

சில நாள் கழித்துச் சொல்ல நல்ல கதைகள் இருக்கின்றன. அதே சாக்கா 2024 காலிறுதியில் சுவிட்சர்லாந்துக்கு எதிராகச் சமன் கோல் அடித்து, பிறகு பெனால்டியையும் வலைக்குள் அனுப்பினார். இங்கிலாந்துப் பெண்கள் அணி 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஸ்பெயினிடம் தோற்றது, 2025 யூரோ இறுதிப் போட்டியில் அதே ஸ்பெயினைப் பெனால்டியில் வென்றது.

இனி உங்கள் கணவர். அவருக்கும் துக்கம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தன் துக்கத்தை மகன் முகத்தில் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் அதட்டினார். பொருளை எறிவதும் நாட்கணக்கில் பேசாதிருப்பதும் அழுகையைவிட ஆண்மை என்று அந்த வீட்டில் ஒரு பையன் கற்றுக்கொண்டிருக்கிறான். அதுதான் மாற வேண்டும்.

1950இல் ரியோவின் மரக்கானா மைதானத்தில் உருகுவே பிரேசிலை 2-1 என்று வென்று உலகக் கோப்பையைக் கொண்டுபோனபோது, வானொலி கேட்டுக்கொண்டிருந்த ஒரு தந்தை தன் ஒன்பது வயது மகன் கண்முன்னே அழுதார். ‘அழாதீர்கள் அப்பா, உங்களுக்காக நான் கோப்பையை வென்று தருகிறேன்’ என்று அந்தப் பையன் சொன்னதாக அவனே பின்னாளில் நினைவுகூர்ந்தான். அவன்தான் பெலே. 1958 இறுதிப் போட்டியில் இரண்டு கோல் அடித்தபோது அவருக்குப் பதினேழு வயது. எல்லாப் பிள்ளையும் பெலே ஆக மாட்டான். ஆனால் தகப்பன் அழுததைப் பார்த்ததால் அந்தப் பிள்ளைக்குத் தகப்பன்மீது மதிப்புக் குறையவில்லை.

பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கடந்துபோக முடியாது. லான்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002, 2006, 2010 உலகக் கோப்பைக் காலங்களில் லான்காஷயர் போலீஸ் பதிவுகளை ஆராய்ந்தார்கள். இங்கிலாந்து தோற்ற நாட்களில் குடும்ப வன்முறைப் புகார்கள் 38 சதவீதம் கூடின. வென்ற அல்லது சமன் செய்த நாட்களிலும் 26 சதவீதம் கூடின. ஆகவே தோல்வியை மட்டும் குற்றம் சொல்ல இடமில்லை. மான்செஸ்டர் பகுதி விவரங்களை ஆராய்ந்த லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள், ஆட்டம் முடிந்த பிறகு அடுத்த பல மணி நேரத்தில் வரும் உயர்வுக்குக் குடித்தவர்களே பெரும் காரணம் என்று கண்டார்கள். உங்கள் கணவர் கைநீட்டியதாக நீங்கள் எழுதவில்லை. அப்படி ஏதாவது நடந்திருந்தாலோ, நடக்கும் என்று தோன்றினாலோ, கோப்பையைக் காரணம் காட்டி மன்னிக்காதீர்கள். 0808 2000 247 என்ற தேசியக் குடும்ப வன்முறை உதவி எண் இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம். உயிருக்கு ஆபத்து என்றால் 999.

அந்த நிலை இல்லையென்றால், உலகக் கோப்பை தொடங்கும் 2026 ஜூன் 11க்கு முன்பே, ஆட்டம் இல்லாத ஒரு மாலையில், மகன் இல்லாதபோது அவரிடம் பேசுங்கள். ரிமோட்டைப் பற்றியும் மூன்று நாளைப் பற்றியும் நேராகச் சொல்லுங்கள், ‘உங்கள் பைத்தியம்’ என்று தொடங்காதீர்கள். ஆட்டம் பார்க்கும்போது குடிப்பதில்லை என்ற ஒன்றை மட்டும் உறுதியாகக் கேளுங்கள். அமெரிக்கக் கண்டத்தில் நடப்பதால் பல ஆட்டங்கள் உங்களுக்கு இரவில்தான் வரும். எதை மகன் முழுதாகப் பார்க்கலாம், எதற்கு முன்னதாகப் படுக்க வேண்டும் என்பதையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள். முடிந்தால் ஒரு ஆட்டத்துக்காவது நீங்களும் அவர்களோடு உட்காருங்கள்.

அவர் இந்தப் பக்கத்தைப் படித்தால், அவருக்கு ஒரு வார்த்தை. ஐயா, அன்று உங்களுக்கு எவ்வளவு வலித்தது என்று அந்தப் பையனுக்குத் தெரியாது. நீங்கள் அவன்மீது கோபமாக இருந்தீர்கள் என்றே அவன் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கலாம். அடுத்த தோல்விவரை காத்திருக்க வேண்டாம், அந்த இரவைப் பற்றி அவனிடம் இந்த வாரமே பேசுங்கள்.