தாடி கறுத்துச் சீறும் எட்டு மாத டிராகன்

வவுனியாவில் விறாந்தைக் கண்ணாடித் தொட்டியில் வளரும் உங்கள் எட்டு மாத ஆண் பியர்டட் டிராகன் (ஓணான் இனத்து வளர்ப்புப் பல்லி), ஒரு கிழமையாகத் தாடியை, அதாவது தொண்டைத் தோலை, கறுப்பாக்கிக் கடிக்க வருகிறது என்கிறீர்கள். வயதும் ஒரு காரணம்தான். பருவமடையும் ஆண்கள் இப்படித்தான் தலையாட்டி முறைப்பார்கள். ஆனால் என் சந்தேகம், நீங்கள் போட்ட படத்தில் தொட்டிக்குப் பின்னால் நிற்கும் முருங்கையில். அதில் ஓணான் இருக்கிறதா என்று பாருங்கள். வன்னியில் ஓணான் இல்லாத வேலி ஏது! அது தலையாட்ட, உள்ளே இருப்பவர் சண்டைக்குக் கூப்பிடுகிறது என்று நினைத்துவிடுவார். கண்ணாடியில் தெரியும் தன் உருவமும் அவருக்கு எதிரிதான். முன்பக்கத்தை விட்டு மற்ற மூன்று பக்கமும் கடதாசி ஒட்டி, ஒரு கிழமை பொறுங்கள்.

கையை மேலிருந்து நீட்ட வேண்டாம், பருந்து என்று பயப்படும். பக்கத்தால் மெதுவாகக் கொண்டுபோங்கள்.

அப்புறம், தொட்டியை நேர்வெயிலில் வைக்கவே கூடாது. உடம்பில் கல்சியம் சேர உதவும் வெயிலின் யூவிபி கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும், சூடு மட்டும் ஏறும். குளிர்காயும் இடம் 40 பாகை அளவில் இருக்கட்டும், மறுபக்கம் நிழலாக.

தாடை மென்மையாகி, கால் நடுங்கினால் அது கோபமில்லை, கல்சியக் குறை. உடனே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.