பசிபிக் தீவு நாடான டோங்காவின் ராணி சலோட்டேவின் வாழ்க்கை, குடும்பம் பற்றிச் சொல்ல முடியுமா?

1953 ஜூன் 2, லண்டனில் எலிசபெத்தின் முடிசூட்டு ஊர்வலம். கொட்டும் மழையிலும் வண்டிக் கூரையை மூடாமல், ஆறடிக்கு மேல் உயரமான சலோட்டே நனைந்தபடியே சிரித்துக் கையசைத்துப் போனார். பக்கத்தில் மலேயாவின் கெலந்தான் சுல்தானும் நனைந்தார், பாவம்! உலகம் சலோட்டேவை அறிந்தது அப்படித்தான். எனக்கு அவர் கல்யாணம்தான் சுவாரசியம்.

1900-இல் பிறந்தவர், இரண்டு வயதில் தாயை இழந்தார். 1917-இல் டோங்கா பிரபு துங்கி மைலேஃபிஹியை மணந்தார். டோங்காவில் பழைய அரச வம்சங்கள் மூன்று. இந்தத் திருமணத்தால் பிள்ளைகளிடம் மூன்று வழி ரத்தமும் சேர்ந்தது. அப்புறம் வாரிசுரிமையை யார் கேள்வி கேட்பது?

மறு வருடமே அப்பா இரண்டாம் ஜார்ஜ் துப்போ இறக்க, 18 வயதில் அரியணை. மூன்று மகன்களில் நடுப்பிள்ளை 1936-இல் இறந்தார், கணவர் 1941-இல். 1965-இல் சலோட்டே மறைந்ததும் மூத்த மகன் நான்காம் துப்போவாக மன்னரானார்.