வவுச்சரில் யார் நம்பர்? சுற்றுலா ஸ்டார்ட்அப் ஊழியர்களின் கேள்விகளும் பதில்களும்

ஆன்லைனில் டூர் பேக்கேஜும் டிக்கெட்டும் விற்று மளமளவென்று வளரும் நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டோம். கேட்டவர்களின் பெயரும் கம்பெனிப் பெயரும் வேண்டாமென்று விட்டிருக்கிறோம். பயண வர்த்தகம், தொழிலாளர் சட்டம், வருமான வரி தெரிந்தவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

பேக்கேஜ் விற்பனையில் இருக்கிறேன். பாலிக்குப் போன கஸ்டமர் ராத்திரி 11.45-க்கு 'டிரைவர் இன்னும் வரல' என்று எனக்குத்தான் போன் போடுகிறார். எடுக்காவிட்டால் மறுநாள் 'உனக்கு ஓனர்ஷிப் இல்லை' என்கிறார் மேனேஜர். எல்லா ஸ்டார்ட்அப்பும் இப்படித்தானா? – வேளச்சேரி வாசகர்

அந்தப் போன் உங்களுக்கு வரக் காரணம் ரொம்பச் சின்னது. கஸ்டமருக்குத் தரும் புக்கிங் சீட்டான வவுச்சரை எடுத்துப் பாருங்கள். 'அவசரத் தொடர்பு' என்ற இடத்தில் விற்றவரின் நம்பர் இருக்கும். கம்பெனியில் 20 பேர் இருந்தபோது யாரோ செய்த டெம்ப்ளேட் அது, 300 பேர் ஆன பிறகும் யாரும் மாற்றவில்லை.

கணக்குப் போட்டால் ஏன் தாங்காது என்று தெரியும். மாதம் 15 குடும்பங்களை அனுப்புகிறீர்கள், ஒரு பயணம் 6 நாள் என்றால், 15 × 6 ÷ 30. அதாவது எந்த நாளை எடுத்தாலும் உங்கள் கஸ்டமர்கள் 3 குடும்பம் வெளிநாட்டில் இருக்கிறார்கள். மே மாத விடுமுறையில் இது எகிறும். பாலி நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். பத்தூர் எரிமலையில் சூரிய உதயம் பார்க்க அங்கே அதிகாலை 2 மணிக்கு வண்டி வர வேண்டும், நமக்கு அப்போது ராத்திரி 11.30. கால் மணி நேரம் வண்டி தாமதமானால் 11.45-க்கு உங்கள் போன் அடிக்காமல் என்ன செய்யும்?

மேனேஜரிடம் 'டென்ஷனா இருக்கு' என்று சொல்லிப் பயனில்லை. மூன்று மாற்றங்களை எழுத்தில் கேளுங்கள். முதலாவது, வவுச்சரில் உள்ளூர் ஏஜென்டின், அதாவது டிஎம்சியின், 24 மணி நேர நம்பர் முதலிலும், கம்பெனியின் பொது வாட்ஸ்ஆப் நம்பர் அடுத்ததாகவும் வர வேண்டும். உங்கள் சொந்த நம்பர் எங்கும் வேண்டாம். இரண்டாவது, பயணத்துக்கு 72 மணி நேரம் முன்பு ஹோட்டல், வண்டி இரண்டையும் டிஎம்சியிடம் மறுபடி உறுதி செய்து, டிரைவர் பெயரும் நம்பரும் வாங்கிக் குறித்துவிட வேண்டும். நள்ளிரவுப் போன்களில் நிறைய, டிஎம்சிக்கு நம் பக்கப் பணம் போகாமல் புக்கிங் பாதியில் நிற்பதால்தான் வருகின்றன. அது 72 மணி நேரம் முன்பே தெரிந்துவிடும். மூன்றாவது, ஷிப்ட் மாறும்போது ஒப்படைப்பு ஷீட். பிஎன்ஆர், ஹோட்டல் கன்ஃபர்மேஷன் நம்பர், டிரைவர் நம்பர், பாக்கிப் பணம், கஸ்டமருக்கு நீங்கள் வாயால் சொன்ன வாக்குறுதி என்று ஐந்து கட்டம் போதும். கடைசிக் கட்டத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். 'ஜன்னலோர ரூம் தர்றேன்னு சொன்னாரே' என்று கஸ்டமர் கேட்கும்போது இரவு ஷிப்ட்காரர் முழிப்பது அதனால்தான்.

சட்டமும் உங்கள் பக்கம் உண்டு. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-ன்படி வேலை நேரம் நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அதனால்தானோ என்னவோ, சேர்ந்த ஆறாம் மாதமே ஆளாளுக்கு 'அசிஸ்டன்ட் மேனேஜர்' ஆகிவிடுகிறார்கள்! பதவிப் பெயரை வைத்து இது முடிவாகாது. யாருக்காவது லீவு கொடுக்கவோ ஆள் எடுக்கவோ உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலையில் வைக்க அவர்களின் எழுத்துபூர்வச் சம்மதமும் பாதுகாப்பு, போக்குவரத்து ஏற்பாடும் வேண்டும். 24 மணி நேரமும் திறந்திருக்க அனுமதிக்கும் அரசாணையின் நிபந்தனை இது.

டிக்கெட்டிங் பிரிவு. துபாய் போன ஒருவரின் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி. நான் இனிஷியலைச் சர்நேமாகப் போட்டுவிட்டேன். ஏர்போர்ட்டில் நிறுத்திவிட்டார்கள். புது டிக்கெட் 38,400 ரூபாயை மூன்று மாதச் சம்பளத்தில் பிடிப்போம் என்று எச்.ஆர். மெயில் வந்திருக்கிறது. பிடிக்கலாமா? – கோவை வாசகர்

இப்படி ஒரு மெயில் அனுப்பிவிட்டுப் பிடித்துவிட முடியாது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும், அதற்கு முன்பிருந்த 1936-ம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டமும் இதில் ஒரே மாதிரிதான் சொல்கின்றன. நஷ்டம் ஊழியரின் அலட்சியத்தால் நேரடியாக வந்திருக்க வேண்டும், பிடிப்பதற்கு முன் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், உண்மையான நஷ்டத்துக்கு மேல் ஒரு ரூபாயும் பிடிக்கக் கூடாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டவும் கூடாது.

ஆகவே பதில் மெயிலில் சண்டை போடாமல் கேள்வி கேளுங்கள். 38,400-க்கு பில் எங்கே? பழைய டிக்கெட்டின் வரிகள் திரும்ப வந்தனவா? ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்டானாலும், பயணம் செய்யாவிட்டால் அரசு வரியையும் விமான நிலையக் கட்டணத்தையும் ஏர்லைன் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் விதி. கம்பெனிகள் பலவும் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை. அது வந்தால் நஷ்டம் அந்த அளவுக்குக் குறையும். அடுத்து, சர்நேம் இல்லாத பாஸ்போர்ட்டுக்கு எப்படிப் பெயர் போடுவது என்று கம்பெனியில் எழுதிவைத்த விதிமுறை உண்டா? அன்று நீங்கள் எத்தனை டிக்கெட் போட்டீர்கள்? சரிபார்க்க இரண்டாவது ஆள் இருந்தாரா? விதிமுறையே தராமல் 'அலட்சியம்' என்று நிறுவுவது அவர்களுக்குக் கஷ்டம்.

ஏர்லைனிலிருந்து ஏடிஎம் வந்திருந்தால், அதாவது ஏஜென்சியிடம் பணம் கேட்டு அனுப்பும் 'ஏஜென்சி டெபிட் மெமோ', அதை அப்படியே உங்கள் தலையில் கட்டுவதும் தவறு. சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் விதிப்படி ஏடிஎம்மைப் பரிசீலித்து மறுக்கக் குறைந்தது 15 நாள் அவகாசம் உண்டு. கம்பெனி மறுத்துப் பார்த்ததா என்று கேளுங்கள்.

இனி டிக்கெட் விஷயம். இது தமிழ்ப் பெயர்களுக்கே உரிய தலைவலி. நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. ஆனால் புக்கிங் திரை சர்நேம் இல்லாமல் நகராது. சில ஏர்லைன் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும். சில, சர்நேம் கட்டத்தில் பெயரையும் முதல் பெயர் கட்டத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியாது) என்பதையும் கேட்கும். ஊகிக்காமல் அந்தந்த ஏர்லைனின் விதியை ஒரு தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். ஐக்கிய அரபு எமிரேட்ஸ் விஷயம் தனி. விசிட் விசாவில் ஒற்றைப் பெயரை 2022 நவம்பரிலிருந்து அவர்கள் ஏற்பதில்லை. பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் அது போதும் என்று பிறகு விளக்கம் தந்தார்கள். அதனால் கஸ்டமரிடம் முன்பக்கம், பின்பக்கம் இரண்டின் போட்டோவும் வாங்காமல் டிக்கெட்டைத் தொடாதீர்கள். ஸ்பெல்லிங்கை அவர் வாட்ஸ்ஆப்பில் அடித்து அனுப்பியதிலிருந்து எடுக்காமல், பாஸ்போர்ட்டின் அடியில் இருக்கும் இரண்டு வரி எழுத்துக் குறியீட்டிலிருந்து எடுங்கள்.

ஏஜென்டுகளின் பொது புக்கிங் தளமான ஜிடிஎஸ் வழியாகப் போட்ட டிக்கெட்டைப் பெரும்பாலும் அதே நாளில் அபராதமில்லாமல் 'வாய்டு', அதாவது ரத்து, செய்யலாம். பட்ஜெட் ஏர்லைன்களில் பொதுவாக இந்த வசதி கிடையாது. எனவே மாலை 6 மணிக்கு இன்னொருவர் அன்றைய டிக்கெட்டுகளைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுவிட்டால் தப்பு அன்றே பிடிபடும். ஒரு ஆளுக்கு அரை மணி நேர வேலை. இதைச் செய்யாத கம்பெனி, அந்த அரை மணிச் சம்பளத்தை மிச்சம் பிடித்து 38,400-ஐ உங்களிடம் கேட்கிறது.

சம்பள உயர்வுக்குப் பதிலாக 400 ஈசாப் (கம்பெனி ஷேரைக் குறித்த விலைக்கு வாங்கும் உரிமை) தருகிறார்கள். லாபமா? – பெங்களூரு வாசகர்

கையில் வரும்வரை அதைச் சம்பளமாக எண்ண வேண்டாம். கொடுத்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் எந்த ஈசாப்பும் உங்களுடையதாகாது, கம்பெனிச் சட்ட விதி அது. பெரும்பாலும் 4 வருடத்தில் பிரித்துத் தருவார்கள்.

சிக்கல் வரியில் இருக்கிறது. எக்சர்சைஸ் விலை, அதாவது ஷேரை வாங்க நீங்கள் தரும் விலை, 10 ரூபாய், அன்றைய மதிப்பு 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 1,190 × 400 = 4,76,000 ரூபாய். இது சம்பள வருமானமாகக் கணக்கிடப்படும். நீங்கள் 30 சதவீத வரம்பில் இருந்தால் செஸ் சேர்த்து 31.2 சதவீதம், 1,48,512 ரூபாய் வரி. ஷேரை விற்கவில்லை, வாங்க ஆளும் இல்லை, ஆனாலும் வரி கட்ட வேண்டும். அரசின் தகுதிச் சான்று பெற்ற சில ஸ்டார்ட்அப்களில் மட்டும் இதைத் தள்ளிப்போடலாம். அதுவும் வேலையை விட்டால் உடனே கட்ட வேண்டியதாகிவிடும்.

ஆக, கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: 'வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் எக்சர்சைஸ் செய்ய வேண்டும்?' 30 அல்லது 90 நாள் என்றால், ஒன்றரை லட்சத்தைப் புரட்டுங்கள் அல்லது ஈசாப்பை மறந்துவிடுங்கள் என்று அர்த்தம். சில வருடம் அவகாசம் தந்தால் பரவாயில்லை. கம்பெனி முன்பு எப்போதாவது ஊழியர்களின் ஷேரைத் திரும்ப வாங்கியிருக்கிறதா என்றும் கேளுங்கள். இதற்கெல்லாம் மழுப்பினால் பணமாகவே உயர்வைக் கேளுங்கள், பாதி கிடைத்தாலும் சரி.

இன்டர்வியூவில் எல்லாரும் சிரித்த முகமாகத்தான் பேசுகிறார்கள். சேரும் முன் உண்மை நிலவரம் எப்படித் தெரிந்துகொள்வது? – திருச்சி வாசகி

பி.எஃப். இணையதளத்தில் 'நிறுவனத் தேடல்' என்ற பகுதி யாருக்கும் திறந்திருக்கிறது. கம்பெனிப் பெயரைப் போட்டு, பணம் செலுத்திய விவரத்தைத் திறங்கள். எந்த மாதத்துக்கு, எந்தத் தேதியில், எத்தனை ஊழியருக்குப் பணம் கட்டினார்கள் என்று வரிசையாக வரும். அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஒரு வருடத்தை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். தேதி 14, 15 என்று வந்தது 28, அதற்கடுத்த மாதம் என்று தள்ளிப்போனால் கையில் காசில்லை. ஊழியர் எண்ணிக்கை ஏப்ரலில் ஏறி ஜூலையில் சரிந்தால், சீசனுக்கு ஆள் எடுத்து சீசன் முடிந்ததும் அனுப்புகிறார்கள். எந்த ரிவ்யூவையும்விட இதை நம்பலாம்.

சேர்ந்த பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் பி.எஃப். பாஸ்புக்கையும், பிடித்த வரி அரசுக்குப் போனதா என்று வருமான வரிக் கணக்கில் 26ஏஎஸ்ஸையும் பாருங்கள். சம்பளம் தாமதமாவதற்கு முன்னாலேயே இந்த இரண்டிலும் இடிக்க ஆரம்பிக்கும்.

இன்டர்வியூவில் ஒரே ஒரு கேள்வி: 'இந்த இடத்தில் முன்பு இருந்தவர் எங்கே?' பதவி உயர்வில் போனார் என்றால் நல்லது. தடுமாறினால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஹோட்டல்களைப் பார்க்க டீமாக ஃபேம் ட்ரிப் போனபோது சீனியர் ஒருவர் தவறாக நடந்துகொண்டார். 'ஆபீசுக்கு வெளியே நடந்தது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது' என்கிறார் எச்.ஆர். – பெயர், ஊர் வேண்டாம்

எச்.ஆர். சொல்வது தவறு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டத்தில் வேலை நிமித்தமாகப் போகும் எந்த இடமும் பணியிடம்தான். கம்பெனி ஏற்பாடு செய்த வண்டியும் சேர்த்தி. 10 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். மூத்த பெண் ஊழியர் தலைவராக, உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்களாக, வெளியிலிருந்து ஒருவராவது இருக்க வேண்டும்.

நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டலாம். தேதி, இடம், நடந்தது, யார் பார்த்தார்கள், பிறகு யாரிடம் சொன்னீர்கள் என்ற வரிசையில் எழுதுங்கள். ட்ரிப்பின் அட்டவணை, ரூம் ஒதுக்கிய பட்டியல், அன்றிரவு தோழிக்கு அனுப்பிய மெசேஜ் எல்லாம் சாட்சியாகும். ஆபீஸ் மெயில் எந்நேரமும் முடக்கப்படலாம், உங்களுக்கு வந்த மெசேஜ்களை இப்போதே உங்கள் போனில் சேமித்துவிடுங்கள். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை அவரை வேறு டீமுக்கு மாற்றவோ உங்களுக்கு 3 மாதம் வரை லீவு தரவோ குழுவிடம் கேட்கலாம். குழுவே இல்லையென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர் குழுவிடம் போகலாம். மத்திய அரசின் 'ஷீ-பாக்ஸ்' தளத்திலும் பதியலாம்.

2 வருடத்துக்குள் விலகினால் ஒரு லட்சம் கட்ட வேண்டும் என்று பாண்டில் கையெழுத்துக் கேட்கிறார்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கேட்கிறார்கள். – மதுரை வாசகர்

சர்டிபிகேட்டைக் கொடுக்காதீர்கள், காட்டிவிட்டு நகல் தந்தால் போதும். பாண்ட் விஷயத்தில் 'அதெல்லாம் செல்லாது' என்று நண்பர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் 3 வருட, 2 லட்ச ரூபாய் பாண்டை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அது பொதுத்துறை வங்கி, ஆளெடுப்பின் செலவைக் காட்ட முடிந்தது. மீட்டிங் ரூமில் மூன்று நாள் சாஃப்ட்வேர் சொல்லிக்கொடுத்துவிட்டு ஒரு லட்சம் கேட்பவர், அது நியாயமான இழப்பீடுதான் என்று காட்ட வேண்டியிருக்கும். பயிற்சிச் செலவைத் தொகையாக எழுதி, மாதாமாதம் குறைந்துவரும்படி மாற்றச் சொல்லிக் கையெழுத்திடுங்கள்.

ராஜினாமா செய்துவிட்டேன். நான் விற்ற டூர்களின் இன்சென்டிவ் 'கஸ்டமர் பயணம் முடித்த பிறகுதான்' என்கிறார்கள். அதற்குள் என் கடைசி நாள் வந்துவிடும். – சென்னை வாசகி

இன்சென்டிவ் பாலிசியில் இரண்டு வார்த்தைகளைத் தேடுங்கள்: 'புக்கிங் தேதி', 'பயணத் தேதி'. முதலாவது என்றால் பணம் உங்களுடையது, கேன்சலானால் மட்டும் திரும்பப் பிடிப்பார்கள். இரண்டாவது என்றால், 'வேலையில் இருக்க வேண்டும்' என்ற வரி பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இல்லையென்றால் பின்னால் கேட்க உரிமை உண்டு. இருந்தால், நோட்டீஸ் காலத்தைக் குறைக்கச் சொல்லி அவசரப்படாதீர்கள். நீங்கள் விற்ற பயணங்கள் முடியும்வரை இருந்துவிட்டுப் போவதுதான் லாபம்.

கடைசி வாரத்தில் ஒரு பட்டியல் போட்டு மேனேஜருக்கு மெயில் அனுப்பி, ஒப்புதலும் வாங்குங்கள். புக்கிங் நம்பர், விற்ற தேதி, பயணத் தேதி, மார்ஜின், உங்களுக்கு வர வேண்டியது ஆகியவை போதும். கஸ்டமரின் பெயர், போன் நம்பர், பாஸ்போர்ட் எதையும் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். நியாயமான பாக்கியைக் கேட்கப் போய் டேட்டா திருட்டுப் புகாரில் மாட்டிக்கொள்வீர்கள்.

வேலையை விட்டவரின் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்கிறது புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு. '45 நாள் ஆகும்' என்று எச்.ஆர். சொன்னால் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, கடைசி நாளுக்குப் பிறகு மூன்றாம் வேலை நாளில் தொழிலாளர் துறைக்கு மனு எழுதலாம். லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்ததற்குக் கையெழுத்துப் போட்ட ரசீது வாங்காமல் மட்டும் ஆபீஸை விட்டு இறங்காதீர்கள்.