தினமும் ஓடும், டிராக்குக்கும் போகும் 400 குதிரைவலு காருக்கு எந்த கிளச் நல்லது?

"கொழும்பில் தினமும் ஓட்டும் கார், இடைக்கிடை பன்னல பந்தய டிராக்குக்கும் போகும், இப்போது 400 குதிரைவலு, கராஜில் ஸ்டேஜ் 3 ஆறு பக் கிளச்தான் ஒரே வழி என்கிறார்கள், உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியைப் பார்த்ததும் பழைய கோபம் கிளம்பிவிட்டது. உண்மையில்லை. இதே கதையை எனக்கும் சொன்னார்கள், நான் கேட்கவில்லை, என் கார் இன்றைக்கும் ஓடுகிறது. தெரியாதவர்களுக்கு: கிளச் என்பது எஞ்சினைக் கியர்பொக்ஸோடு சேர்த்தும் பிரித்தும் விடுகிற உராய்வுத் தட்டு. ஆறு பக் என்றால் அந்தத் தட்டில் முழு வட்டத்துக்குப் பதிலாக ஆறு கடினமான துண்டுகள். ஸ்டேஜ் என்பது கிளச்சின் பலத்துக்குக் கம்பனிகள் போடுகிற இலக்கம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் இல்லை. கம்பனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறவன். "பேனை பிடிக்கிறவனுக்கு கிளச் பற்றி என்ன தெரியும்" என்று கீழே எழுதப்போகிறவர்கள் எழுதட்டும். கணக்குத் தெரிந்தவனுக்குத்தான் இது லேசில் விளங்கும்.

காரின் பெயரைச் சொல்லவில்லை. டர்போ உள்ள மிட்சுபிஷி லான்சர் எவோ அல்லது சுபாரு என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் முதலில் அந்த 400ஐ மறந்துவிடுங்கள். கிளச்சுக்குக் குதிரைவலு தெரியாது, டோர்க், அதாவது எஞ்சினின் முறுக்கு விசை, மட்டும்தான் தெரியும். ஹொண்டா இன்டெக்ரா டைப் ஆர், கே20ஏ எஞ்சின்: 220 குதிரைவலு, டோர்க் 206 நியூட்டன் மீற்றர். எவோ 9 கம்பனியில் இருந்து வரும்போது 280 குதிரைவலு, டோர்க் கிட்டத்தட்ட 400. குதிரைவலுவில் 60தான் வித்தியாசம், கிளச் தாங்க வேண்டிய பாரமோ ஏறக்குறைய இரட்டிப்பு. நிமிடத்துக்கு 7000 சுற்றில் 400 குதிரைவலு எடுக்கிற எஞ்சின் அந்த இடத்தில் 400 நியூட்டன் மீற்றர்தான் கொடுக்கிறது. அதே எஞ்சின் டர்போ பிடிக்கிற 3500 சுற்றில் 500 கொடுத்தால், அந்த நேரத்துக் குதிரைவலு வெறும் 250. ஆனால் கிளச் திணறுவது அங்கேதான். ஆகவே டைனோ தாளில் (வலுவை அளக்கிற இயந்திரம் தரும் தாள்) டோர்க் கோட்டின் உச்சியைப் பாருங்கள். அது சக்கரத்தில் அளந்ததா, கிராங்குக்கு, அதாவது எஞ்சினின் சுழல் தண்டுக்கு, கணக்குப் போட்டதா என்றும் கேளுங்கள். கிளச் கம்பனிகளும் சில கிராங்கில் சொல்லும், சில சக்கரத்தில் சொல்லும்.

என்னுடையது எவோ 9. டியூன் செய்த பிறகு 450க்குக் கொஞ்சம் மேலே டோர்க். பழைய கிளச் விட்டுக்கொடுத்தது தெற்கு அதிவேகப் பாதையில், நாலாம் கியரில் மிதித்தபோது. ஆர்.பி.எம் முள் ஏறுகிறது, கார் ஏறவில்லை. இதைத்தான் ஸ்லிப் என்பார்கள். கராஜுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் பாஸ் வாசலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "மல்லி (தம்பி), ஆறு பக் போடுவோம். ஆர்கானிக் போட்டால் மாதக்கணக்கில்கூட வராது." ஆர்கானிக் என்பது இழையும் பிசினும் கலந்த சாதாரண உராய்வுத் தட்டு. டோர்க் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. கார் எங்கே ஓடுகிறது என்றும் கேட்கவில்லை. ஸ்டேஜ் 3, ஸ்டேஜ் 3 என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டேஜ் என்பதற்குப் பொது அளவு ஒன்றும் கிடையாது என்பதாவது அவருக்குத் தெரியுமோ என்னவோ. கிளச் செய்கிற எக்செடி கம்பனியில் ஸ்டேஜ் 1 என்றால் ஆர்கானிக், ஸ்டேஜ் 2 என்றால் செராமெட்டாலிக், அதாவது செராமிக்கும் உலோகமும் கலந்த கடினமான சாமான். வேறு கம்பனியின் ஸ்டேஜ் 2 வேறு சாமான்.

கார் கராஜில் நின்ற நாட்களில் நண்பன் ஒருவன் தன் எவோ 7ஐத் தந்தான். அதில் ஆறு பக் கிளச், அதுவும் நடுவில் அதிர்ச்சி வாங்குகிற ஸ்பிரிங் இல்லாத வகை. கட்டுகுருந்தவில் நேர்ப்பாதைப் பந்தயம் ஓட்டுவதற்காகப் போட்டது. வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மாவை பம்பலப்பிட்டி கதிரேசன் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டுபோனேன். காலி வீதியில் நெரிசல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு அடி நகர், நில், மூன்று அடி நகர், நில். பக் கிளச்சில் அந்த இரண்டு அடி கிடையாது. பிடித்தால் முழுதாகப் பிடிக்கும், இல்லாவிட்டால் பிடிக்காது, நடுவில் விட்டுப் பிடிக்கப் பார்த்தால் கார் முழுக்க உதறும். பெடலோ, இடியப்ப உரலை இடது காலால் பிழிகிற மாதிரி. அம்மா கேட்டா, "ஏன் தம்பி, கார் விக்கல் எடுக்குது?" திரும்பி வரும்போது ஓட்டோ பிடித்துத் தரச் சொன்னா.

அன்றிரவு வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடியின் பேஸ்மன்ட் சாய்வுப் பாதையில் அந்தக் காரை ரிவேர்ஸில் ஏற்ற வேண்டி வந்தது. கட்டியவர் அந்தச் சாய்வை எந்த வாகனத்தை நினைத்துப் போட்டார் என்று தெரியவில்லை, ஆட்டுக்குட்டிக்கே மூச்சு வாங்கும். கிளச் வாசத்தோடு மேலே வந்தால் நிர்வாகக் குழுச் செயலாளர் நிற்கிறார், சத்தமாம். காலையில் ஆறு மணிக்குக் கட்டடத்தின் ஜெனரேட்டரைச் சோதனை ஓட்டம் விடுவது சத்தமில்லை. விருந்தினர் தரிப்பிடத்தில் அவருடைய மைத்துனரின் வேன் வருடக்கணக்காக நிற்பதும் பிரச்சினை இல்லை. மாதாமாதம் பராமரிப்புப் பணத்தை ஒரு நாள் பிந்தாமல் கட்டுகிறவனின் கார்தான் பிரச்சினை. சரி, அதை விடுங்கள்.

நிறையப் பேர் தலைகீழாக நினைப்பது ஒன்று இருக்கிறது. டிராக் கிளச்சுக்குக் கஷ்டமான இடம் என்று நினைக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கார் சுற்றுக்குச் சுற்று போகும்போது கிளச் முழுதாகப் பிடித்தபடி இருக்கும். கியர் மாற்றுகிற அந்தக் கண நேரம் மட்டும்தான் உரசல். கிளச் தாங்குகிற கொள்ளளவு எஞ்சினின் டோர்க்குக்கு மேலே இருந்தால் சூடு ஏறவே காரணமில்லை. சூடு ஏறுவது நின்ற இடத்திலிருந்து உயர்ந்த சுற்றில் பாய்ச்சும்போது (லோஞ்ச் என்பது இதைத்தான்), அப்புறம் காலி வீதியில் அரைக் கிளச்சில் ஊரும்போது. நீங்கள் நேர்ப்பாதையில் லோஞ்ச் போடுகிறவர் இல்லை என்றால், உங்கள் கிளச்சின் உண்மையான சோதனை பன்னலயில் இல்லை, கொள்ளுப்பிட்டிச் சந்தியில். எவோ, சுபாரு மாதிரி நாலு சக்கரமும் இழுக்கிற கார் என்றால் லோஞ்ச் இன்னும் மோசம். டயர் சுழன்று விட்டுக்கொடுக்காது, அந்த அடி முழுக்க கிளச்சுக்கும் கியர்பொக்ஸுக்கும் போகும்.

ஒரு கிளச் எவ்வளவு டோர்க் தாங்கும் என்ற கணக்கு இவ்வளவுதான். உராய்வுக் குணகம், பிரஷர் பிளேட் தட்டை அழுத்திப் பிடிக்கிற விசை, உராய்வுத் தளத்தின் சராசரி ஆரை, தளங்களின் எண்ணிக்கை, நான்கையும் பெருக்குங்கள். உதாரணத்துக்கு 0.3 குணகமுள்ள ஆர்கானிக் தட்டு, 8000 நியூட்டன் விசை, 10 சென்டிமீற்றர் ஆரை, தட்டின் இரண்டு பக்கமும் இரண்டு தளம்: 480 நியூட்டன் மீற்றர். இதைக் கூட்ட மூன்று வழி. செராமெட்டாலிக் பக் போட்டுக் குணகத்தைக் கூட்டலாம், அதற்கு விலை உதறல். பிரஷர் பிளேட்டைப் பலமாக்கலாம், அதற்கு விலை பாரமான பெடலும், கிராங்க் முன்பின் நகராமல் தாங்குகிற திரஸ்ட் பெயாரிங்குக்குக் கூடுதல் தள்ளும். இல்லாவிட்டால் இரட்டைத் தட்டு போட்டுத் தளங்களை நாலாக்கலாம். அதே அழுத்தத்தில் கொள்ளளவு இரட்டிப்பாகும், பெடலும் பாரமாகாது. அதற்கு விலை, விலையேதான். பெடலை மிதித்தபடி நிற்கும்போது நடுத்தட்டு கொஞ்சம் கலகலக்கவும் செய்யும்.

நான் போட்டது முழு வட்ட ஆர்கானிக் தட்டு, நடுவில் ஸ்பிரிங் உள்ளது, அதோடு பலமான பிரஷர் பிளேட். என் உச்ச டோர்க்குக்கு மேலே கிட்டத்தட்ட கால் பங்கு இடைவெளி விட்டுத் தெரிந்தேன். அதற்கும் மேலே போக வேண்டாம், தேவையில்லாத பலம் எல்லாம் உங்கள் இடது காலில்தான் இறங்கும். பாஸ் மனமில்லாமல்தான் பூட்டினார். முதல் 800 கிலோமீற்றர் பூஸ்டை (டர்போவின் காற்றழுத்தத்தை) குறைத்து ஊருக்குள் மட்டும் ஓட்டினேன், இதில் அவசரப்படவே கூடாது. அதற்குப் பிறகு பன்னல, கட்டுகுருந்த எல்லாம் போய்விட்டது, பேஸ்மன்ட்டுக்குத் தினமும் போகிறது, ஸ்லிப் என்ற பேச்சே இல்லை. அதே பாஸ் இப்போது மற்றவர்களுக்கும் இதைப் போடுகிறார், தன்னுடைய யோசனை என்று சொல்லி. நன்றாக இருக்கட்டும்.

டோர்க் 550, 600 என்று போகிறவர்கள், லோஞ்ச் போடுகிறவர்கள், டிரெய்லரில் ஏற்றி டிராக்குக்குக் கொண்டுபோகிறவர்கள் என்மேல் பாய வேண்டாம். உங்களுக்கு பக் தேவைப்படலாம். இரட்டைத் தட்டு வாங்கப் பணம் இருந்தால் இந்தக் கேள்வி கேட்டவருக்கும் அதையே சொல்வேன். கெவ்லார் இழைத் தட்டு நல்லது என்றும் ஒருவர் வருவார். மென்மையானதுதான், ஆனால் பழக்க நெடுநாள் எடுக்கும், ஒரு தடவை சூடேறி மினுங்கிப் போனால் பிடிப்புத் திரும்புவது கஷ்டம். நெரிசல் ஊருக்கு நான் வாங்கமாட்டேன்.

கியர்பொக்ஸை இறக்குகிற கூலி ஒன்றுதான், ஆகவே அதே நேரத்தில் ரிலீஸ் பெயாரிங் (பெடலை மிதிக்கும்போது கிளச்சை விடுவிப்பது), கிராங்கின் பின் ஒயில் சீல் இரண்டையும் புதிதாகப் போடுங்கள். பிளைவீலை (எஞ்சினோடு சுழலுகிற, கிளச் தட்டு உரசுகிற கனச் சக்கரம்) கடைந்து எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புதிது. சீல் கசிந்து தட்டில் ஒயில் பட்டால் எந்த ஸ்டேஜும் ஸ்லிப் ஆகும். பெடலில் ஃப்ரீ பிளே, அதாவது மிதிக்கத் தொடங்கும்போது உள்ள சிறு தளர்வு, இல்லாமல் பூட்டினாலும் அப்படித்தான். புது கிளச் வாங்கும் முன் உங்கள் பழையது ஏன் ஸ்லிப் ஆகிறது என்று இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள். பஞ்சிகாவத்தையில் பெட்டியை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். போலிப் பெட்டி அச்சடிப்பது கஷ்டமில்லை. தட்டின் இலக்கத்தைக் கம்பனிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.

சேர்க்கை: இலகு பிளைவீல் போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். டிராக்கில் எஞ்சின் சட்டென்று சுற்று ஏறும், இறங்கும், சந்தோஷமாக இருக்கும். ஆனால் கார் எடுக்கும்போது லேசில் நின்றுபோகும், நெரிசலில் கூடுதலாக ரேஸ் பண்ண வேண்டி வரும், அந்தச் சூடும் கிளச்சுக்குத்தான். இரட்டைத் திணிவு பிளைவீல் (நடுவில் ஸ்பிரிங் வைத்து இரண்டு பாகமாகச் செய்தது) உள்ள ஐரோப்பியக் காரில் அதைக் கழற்றிவிட்டு ஒற்றைத் திணிவு போட்டால் ஐடிலில் கியர்பொக்ஸ் கடகடக்கும். பழுது இல்லை, அதன் சுபாவம் அப்படி. எங்கள் செயலாளருக்கு அதைச் சொல்லிப் பாருங்கள்.